தூசியால் வந்த லாபம்

அந்த சோலார் களத்தில் முஸாஃபரிடம் முகம் கொடுத்துப் பேச ஒரு ஆள் கிடையாது. கம்ப்யூட்டரும் அதில் சேர்த்தி.

திருச்சுழிக்குத் தெற்கே, பருத்தி கைவிட்டு, கருவேலமும் சலித்துப்போன நிலத்தில் முந்நூறு ஏக்கருக்குக் கண்ணாடிப் பலகைகளை நட்டு வைத்திருந்தார்கள். நடுவில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அறைக்குள் ஒரு மின்விசிறி, ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், முஸாஃபர். வீரசோழன் ஊர்க்காரன். பி.எஸ்ஸி. கணக்குப் படித்துவிட்டு, சவுதியில் தமாமில் ஒரு கிட்டங்கியில் இரண்டு வருடம் அட்டைப்பெட்டி எண்ணிவிட்டு வந்தவன். “படிச்ச கணக்கு வீண் போகலைல்ல” என்று தன்னைப் பற்றி அவனே சொல்லிக்கொள்வான். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் வலி பாதிதான்.

இங்கே அவன் பார்க்கும் வேலை தூசியை அளப்பது. களத்தில் ஒரு கம்பத்தின் மேல் சோற்றுத் தட்டு அளவில் இரண்டு சின்னப் பலகைகள் இருந்தன. ஒன்றை ஒவ்வொரு நாள் காலையிலும் துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும். இன்னொன்றை யாரும் தொடக் கூடாது, படிகிற தூசி படிந்தபடியே கிடக்க வேண்டும். இரண்டும் தருகிற மின்சாரத்தை ஒரு பெட்டி நிமிடம் தவறாமல் குறித்துக்கொள்ளும். சுத்தமானது நூறு தருகிற நேரத்தில் அழுக்கானது தொண்ணூற்றாறு தந்தால், தூசியால் இழப்பு நான்கு சதவீதம். இழப்பு இரண்டுக்கு மேலே இருந்தால், களத்துப் பலகைகளைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பதினான்கு பெண்களுக்கு அடுத்த மாதமும் வேலை உண்டு. இரண்டுக்குக் கீழே போனால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கணக்கைப் போடத் தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஆக்டேவ் என்ற கணக்கு மென்பொருளில் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பியிருந்தார். அதை முறைப்படி திறந்தால், சன்னல்களும் பட்டன்களும் வளைகோட்டுப் படங்களும் திரைக்கு வந்து சேர எட்டு நிமிடம் ஆகும். பாதி நாள் வழியிலேயே கம்ப்யூட்டர் மயங்கி விழுந்துவிடும். ஆகவே முஸாஃபர் கட்டளையை எழுத்தாகவே அடிக்கிற கறுப்புத் திரையைப் பிடித்துக்கொண்டான். ஆக்டேவ் என்று அடித்து, சன்னல் வேண்டாம் என்பதற்கு இரட்டைக் கோடு போட்டு ஒரு சொல் சேர்த்து, ஸ்கிரிப்டின் பெயர், அந்த மாதத்துக் கோப்பின் பெயர், என்டர். மூன்றே விநாடி. படமும் இல்லை, பந்தாவும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு எண் வந்து நிற்கும்.

ஆனால் எண் வருவதற்கு முன்னால் எச்சரிக்கைகள் வரும். இந்தக் கட்டளை பழசு, அந்த நாளின் கோப்பில் ஒரு கட்டம் காலி என்று சில்லறை முணுமுணுப்புகள். முதல் மாதம் எல்லாவற்றையும் படித்தான். இரண்டாம் மாதம் பாதி படித்தான். மூன்றாம் மாதம் கட்டளையின் வாலில் ஒரு ‘2’, ஒரு அம்புக்குறி, ‘நல்’ என்று மூன்று ஆங்கில எழுத்து சேர்த்தான். எந்த எச்சரிக்கை வந்தாலும் என் கண்ணில் காட்டாதே, அப்படியே தூர எறி என்று அதற்கு அர்த்தம். திரை நிம்மதியானது. வீட்டில் மனைவி ஃபர்ஹானாவின் பேச்சுக்கும் இப்படி ஒரு வால் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவன் நினைத்ததுண்டு. சொன்னதில்லை. பிறகு அந்தக் கட்டளை முழுவதையும் பேட்ச் ஃபைல் என்ற கட்டளைக் கோப்பில் போட்டு, வருகிற எண்ணை அதுவே மெயிலில் அனுப்பும்படியும் செய்துவிட்டான். இரண்டு தட்டு தட்டினால் மாத அறிக்கை தலைமை அலுவலகத்தில். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

துடைக்கிற வேலைதான் பாக்கி.

அந்தக் கம்பம் நின்ற இடம் அப்படி. தண்ணீர் டேங்கர் நிறுத்தும் மேடைக்குப் பக்கத்தில், அறையிலிருந்து இருநூறு அடி. கழுவும் பெண்கள் காலையில் அங்கேதான் உட்கார்ந்து நீராகாரம் குடிப்பார்கள். அவர்களுக்குத் தலைவி தங்கமாரி. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து ஊர்க்காரி, நாற்பத்தைந்து வயது, வாய்க்கு மட்டும் தனியாக ஒரு மோட்டார் வைத்தவள். ஆடி மாதத்தில் ஒருநாள் அவர்கள் டேங்கரில் மிஞ்சிய தண்ணீரை ஆளுக்கு ஒரு கேன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனதை முஸாஃபர் பார்த்தான். பார்த்ததோடு விட்டிருக்கலாம். தினசரிக் குறிப்பில் ‘தண்ணீர் குறைவு, 280 லிட்டர்’ என்று எழுதினான். எதையும் எண்ணி எழுதிப் பழகிய கை. மறுநாள் சைட் இன்சார்ஜ் ராஜகுரு பதினான்கு பேரையும் வெயிலில் நிறுத்தி வைத்து வைதார்.

அன்றிலிருந்து முஸாஃபர் அந்த மேடைப் பக்கம் தலை காட்டினால் போதும்.

“ஏய் பிச்சை, டம்ளர மூடு. நீராகாரத்துல எத்தன பருக்கை கெடக்குன்னு எழுதிட்டுப் போயிருவாக” என்பாள் தங்கமாரி.

“நாம மூச்சு விட்டதும் கணக்குல ஏறுமாக்கா?” என்பாள் பிச்சையம்மாள்.

“ஏறும், ஏறும். உள்ள இழுத்தது எவ்வளவு, வெளிய விட்டது எவ்வளவு. கொறஞ்சா நம்மகிட்டப் பிடிப்பாக.”

பதினான்கு பேரும் சிரிப்பார்கள். இவன் துணியைக் கையில் பிடித்தபடி ஒரு வாரம் தாங்கினான். அடுத்த வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போனான். பிறகு அறையிலிருந்தே எட்டிப் பார்த்தான். கண்ணாடி பளபளவென்றுதான் தெரிந்தது, இருநூறு அடி தூரத்தில் எல்லாமே பளபளவென்றுதான் தெரியும். துடைத்ததற்கான பதிவேட்டில் மட்டும் ஒரு நாள் தவறாமல் கையெழுத்துப் போட்டான். கையெழுத்து மிக அழகாக இருக்கும்.

அந்த ஐப்பசியில் மழை அருப்புக்கோட்டை வரைக்கும் வந்து, டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டது. களத்தில் தூசி கோபுரம் கட்டியது. இருபத்தைந்தாம் தேதி முஸாஃபர் வழக்கம்போல இரண்டு தட்டு தட்டினான். எண் போனது. அவன் டீயைக் குடித்தான்.

இருபத்தேழாம் தேதி பதில் வந்தது. தூசி இழப்பு வரம்புக்குக் கீழே இருப்பதால் முதல் தேதியிலிருந்து கழுவும் பணி நிறுத்தப்படுகிறது, பதினான்கு பேரையும் விடுவித்துவிடவும். ராஜகுரு அதைத் தங்கமாரியிடம் சத்தமாகப் படித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டார். காரியாபட்டியிலிருந்து தினமும் பைக்கில் வந்து போகிற மனிதர், முதுகு வலி, எதற்கும் நின்று பேச மாட்டார்.

“சொல்லிருங்கம்மா எல்லார்ட்டயும். வெள்ளிக்கிழமையோட கடைசி.”

பத்து நிமிடத்தில் அறை வாசலில் பதினான்கு தலைகள். வெளிச்சமே மறைந்துவிட்டது.

“யோவ் தம்பி, வெளிய வா” என்றாள் தங்கமாரி.

“உள்ள இருந்தே கேக்குது.”

“எங்க கேக்குது? கேட்டிருந்தா இப்பிடி எழுதுவியா? தூசி இல்லைன்னு எழுதியிருக்கியாமே. இந்தா, இந்தச் சேலைய உதறவா? உன் டீ டம்ளர்ல விழும், அள்ளிப் பாரு, இருக்கா இல்லையான்னு.”

“நான் எழுதலைக்கா. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு.”

“கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியுமா? உன்னத்தேன் தெரியும். ஆளுக்கு ஒரு கேன் தண்ணிக்கு ஒனக்கு இம்புட்டு வன்மமா? எம் மகள டிப்ளமா சேத்து ரெண்டு மாசம் ஆகலை. இந்தப் பிச்சை புருசன் படுத்த படுக்கை. எங்க வயித்துல அடிச்சிட்டு நீ இங்க ஃபேனுக்கடியில உக்காந்திருப்ப?”

“மிசினு பொய் சொல்லாதுக்கா” என்றான் முஸாஃபர். சொன்ன விநாடியே அவனுக்கே அது மகா அசட்டுத்தனமாகப் பட்டது.

“மிசினு சொல்லாது. நீ சொல்லுவ.”

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். அறைக்கு வெளியேதான், ஆனால் திசை சரியாக இருந்தது.

அவர்கள் போன பிறகு முஸாஃபருக்கு வேலை ஓடவில்லை. கோபத்தில்தான் அந்த எண்ணை எடுத்துப் பார்த்தான், தான் சரி என்று தனக்குத்தானே காட்டிக்கொள்ள. மைனஸ் 2.7. அனுப்பி இரண்டு நாள் கழித்து இப்போதுதான் அதைப் பார்க்கிறான். தூசியால் இழப்பு மைனஸ். அதாவது லாபம். அழுக்குக் கண்ணாடி சுத்தமான கண்ணாடியைவிட அதிகமாக மின்சாரம் தந்திருக்கிறது. அப்படியானால் பலகைகளைக் கழுவுவதை விட்டுவிட்டு லாரியில் மண் கொண்டுவந்து கொட்டலாம், இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் பணக்கார ஊர்களாகிவிடும். மேலே இருக்கிறவர்களாவது பார்க்கவில்லையா? அங்கேயும் ஒரு ஸ்கிரிப்ட்தான் இருக்கும். இரண்டைவிடச் சிறியதா? மைனஸ் 2.7 சிறியதுதான். நிறுத்து. இந்த முனையிலும் ஆள் பார்க்கவில்லை, அந்த முனையிலும் பார்க்கவில்லை. நடுவில் பதினான்கு பேருக்கு வேலை போய்விட்டது.

கறுப்புத் திரையைத் திறந்தான். கட்டளையைக் கையாலேயே அடித்தான். அந்த வாலை மட்டும் விட்டுவிட்டு என்டர் தட்டினான்.

எச்சரிக்கைகள் அவிழ்த்துவிட்ட மாடுகள்போல் ஓடின. மேலே ஏற்றிப் பார்த்தான். இரண்டாம் தேதி: சுத்தமான பலகை அழுக்கானதைவிடக் குறைவாகத் தருகிறது, சரிபார்க்கவும். மூன்றாம் தேதி: சரிபார்க்கவும். நான்கு, ஐந்து, ஆறு. இருபத்துநான்கு நாளும் ஒரே வாக்கியம். ஸ்கிரிப்ட் எழுதிய புண்ணியவான் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தார். முஸாஃபர்தான் அவர் வாயில் துணியை அடைத்திருந்தான், கண்ணாடி துடைக்கக் கொடுத்த துணி.

ஒன்றாம் தேதி என்ன? நாட்காட்டியைப் பார்க்கத் தேவையில்லை. ஆயுத பூஜை.

எழுந்து வெயிலில் நடந்தான். மேடையில் பெண்கள் இருந்தார்கள். நேராகக் கம்பத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தான். அழுக்குப் பலகையில் ஒரு விரல் பட்ட தடம் இல்லை. சுத்தமான பலகையின் நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம், நாலு மூலையிலும் ஒவ்வொரு பொட்டு. இருபத்தாறு நாள் வெயிலில் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. கல்யாணப் பெண் மாதிரி இருந்தது கண்ணாடி.

“இத யாரு வச்சது?”

“நாந்தேன்” என்றாள் தங்கமாரி, எழுந்திருக்காமலே. “அதுக்கென்ன இப்ப?”

“இதுலயாக்கா வைப்பாக?”

“நீதானய்யா சொன்ன! பூசையன்னிக்குப் பொரியத் தின்னுக்கிட்டே என்ன சொன்ன? ‘இருக்கதுலயே முக்கியமான சாமான் அந்தக் கம்பத்துல இருக்கு, அது ஒழுங்கா இருந்தாத்தான் ஒங்களுக்கு வேலை’ன்னு வக்கணையாச் சொல்லலை? சரி, நம்ம சோத்துக்கு அதுதேன் சாமின்னு அதுக்கு மட்டும் ரெண்டு பங்காப் பூசுனேன்.”

“பக்கத்துல இருக்கதுக்கு மட்டும் ஏன் வைக்கல?”

“அத யாரும் தொடக் கூடாதுன்னு போர்டு போட்ருக்கில்ல. எங்களுக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.”

முஸாஃபருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் வழியில் முட்டிக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை. “உங்க சந்தனம்தான்க்கா உங்களுக்கு உலை வச்சிருக்கு. நல்ல கண்ணாடிய மறைச்சிட்டிங்க. அதான் கணக்கு தலைகீழாப் போச்சு.”

தங்கமாரி முகம் ஒரு கணம் மாறியது. பிச்சையம்மாள் வாயில் கையை வைத்தாள். அடுத்த கணம் தங்கமாரி மெதுவாக எழுந்து வந்து, கம்பத்தையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

“ஏன் தம்பி, இது தெனமும் தொடைக்கிற கண்ணாடிதான?”

அவன் துணியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினான்.

“பூசை ஒன்னாந்தேதி. நீ ரெண்டாந்தேதி காலையில தொடச்சிருப்பீல்ல. சந்தனம் எப்படி இன்னும் இருக்கு?”

வெயில் சுள்ளென்று அடித்தது. பதினான்கு பேரும் அந்தக் கணக்கைத் தங்கள் தங்கள் மனதுக்குள் போட்டு முடித்தார்கள். எல்லாருக்கும் ஒரே விடை.

“தொடைக்கலை” என்றாள் தங்கமாரி. “இருவத்தாறு நாளாத் தொடைக்காத பயதேன் எங்க தண்ணியக் குறிச்சு வச்சான்.”

அவன் ராஜகுருவிடம் போய் நடந்ததைச் சொன்னான். சந்தனத்தைச் சொல்லும்போது குரல் தெளிவாக இருந்தது, துடைக்காததைச் சொல்லும்போது இருமல் வந்தது. ராஜகுரு முதுகைப் பிடித்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இதுல என்னப்பா குழப்பம்? ‘கழுவும் பணியாளர்கள் அளவுக்கருவியைச் சேதப்படுத்திவிட்டனர்’னு ஒரு வரி எழுது. முடிஞ்சு போச்சு.”

“எழுதுனா அவுகளுக்கு வேலை திரும்பக் கெடைக்குமா சார்?”

“எப்படிக் கெடைக்கும்? சாமானைக் கெடுத்தவுகள யாரு வச்சுக்குவா? ஆனா ஒனக்குப் பிரச்சனை வராது. பதிவேட்டுல ஒன் கையெழுத்துக்குப் பக்கத்துல என் கையெழுத்தும் இருக்கு, அத ஞாபகம் வச்சுக்க. எனக்கும் பிரச்சனை வராது.”

“ஒன்னாந்தேதிய மட்டும் வச்சுக்கிட்டு மிச்ச நாளத் தூக்கிட்டு ஸ்கிரிப்ட ஓட்டுனா...”

“கோப்பு பூரா மேல ஆபீசுல இருக்கு. ஏன் தூக்குனன்னு கேப்பான். என்ன சொல்லுவ?”

அதுதான் கேள்வி. முஸாஃபர் அறைக்குத் திரும்பினான். கறுப்புத் திரையில் கட்டளையை மறுபடி அடித்தான், பூஜைக்கு முந்தின இருபது நாளை மட்டும் கொடுத்து. 2.1 வந்தது, போன மாதம் தப்பியது மயிரிழையில், ஆனால் அந்த நாட்களிலும் அவன் துடைத்ததில்லை. கடைசியாக ஒழுங்காகத் துடைத்தது ஆடியில். ஆடி மாதத்து முதல் வாரத்தைக் கொடுத்தான். 4.1. சரிபார்க்கவும் என்று ஒரு எச்சரிக்கைகூட இல்லை. அந்த வாரம் அவன் நேர்மையாக இருந்ததற்குக் கம்ப்யூட்டரே சாட்சி.

மெயிலைத் திறந்தான். ‘சேதப்படுத்தி’ என்று அடித்தான். அழித்தான். ஃபர்ஹானாவுக்கு ஏழு மாதம். வீரசோழனில் கடன் கேட்கப் பாக்கியுள்ள மாமன்மார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தான், ஒருவரும் இல்லை. மறுபடி ‘சேதப்’ வரைக்கும் அடித்தான். அந்தச் சந்தனம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ரெண்டு பங்காகப் பூசியிருந்தாள், நல்லது நடக்கட்டும் என்று. அவன் பெருமையடித்ததை நம்பிய ஒரே ஜீவன், அவனைக் கண்டாலே ஆகாதவள்.

அழித்துவிட்டு எழுதினான்: ஆயுத பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனம் வைப்பது இங்கே வழக்கம். அன்று நானும் உடன் இருந்தேன். மறுநாள் காலை அதைத் துடைப்பது என் பொறுப்பு. நான் துடைக்கவில்லை. ஆவணி முதலே துடைக்கவில்லை. பதிவேட்டில் உள்ள என் கையெழுத்துகள் பொய். ஸ்கிரிப்ட் இருபத்துநான்கு முறை எச்சரித்தது, எச்சரிக்கைகளை மறைத்து வைத்ததும் நான்தான். சரியாகத் துடைத்த வாரத்தின் கணக்கை இணைத்துள்ளேன். கழுவும் பணியை நிறுத்த வேண்டாம்.

ராஜகுருவின் கையெழுத்தைப் பற்றி எழுதவில்லை. முதுகு வலிக்காரர், பாவம். இருந்தும் விஷயம் தெரிந்ததும் அவர் மூன்று நாள் முஸாஃபரைப் பார்த்து, “ஏலே அரிச்சந்திரா” என்றே கூப்பிட்டார். அதில் பாராட்டு துளியும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம், பெண்கள் பூட்ஸையும் கையுறையையும் எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பதில் வந்தது. கழுவும் பணி தொடரும். முஸாஃபருக்குக் கடைசி எச்சரிக்கை, இன்னொரு முறை நடந்தால் வேலை கிடையாது. மூன்றாவதாக: இனி தினமும் காலை ஏழு மணிக்குச் சுத்தமான பலகையைத் துடைத்ததும், தரவுப் பணியாளரும் கழுவும் குழுத் தலைவரும் பலகையோடு சேர்ந்து நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். இருவர் முகமும் தெரிய வேண்டும்.

ராஜகுரு படித்து முடித்ததும் பெண்கள் பூட்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். யாரும் முஸாஃபரைப் பார்க்கவில்லை. பிச்சையம்மாள் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள்.

“இந்த ஆளுகூடயா?” என்றாள் தங்கமாரி. “தெனமுமா?”

“ஞாயித்துக்கிழமையுமா சார்?” என்றான் முஸாஃபர்.

“தூசிக்கு லீவு உண்டா?” என்றார் ராஜகுரு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முஸாஃபர் ஸ்டூலில் ஏறிச் சந்தனத்தைச் சுரண்டினான். கீழே தங்கமாரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“மூலையில இருக்கு. அந்த மூலை இல்ல, ஒன் கண்ணுக்குத் தெரியாத மூலை. தொடைக்கவும் தெரியலை. இதுக்கு எதுக்குப் படிப்பு?”

“நீங்க பூசாம இருந்திருந்தா நான் ஏன்க்கா சுரண்டப் போறேன்?”

“தப்ப ஒத்துக்கிட்டுக் காயிதம் போட்டுட்டா பெரிய மனுசன் ஆயிருவியோ? ஒத்துக்கிடாம இருந்தா அது ரெண்டாவது தப்பு. அவ்வளவுதேன். மொதத் தப்பு அப்படியேதேன் இருக்கு.”

அவன் இறங்கி வந்து கைபேசியை நீட்டிப் பிடித்தான். இருவருக்கும் நடுவில் இரண்டு ஆள் நிற்க இடம் இருந்தது.

“சிரிக்கணுமா?” என்றாள்.

“சிரிக்கச் சொல்லி எழுதலை.”

“பொழச்சேன்.”

படம் எடுத்து அனுப்பிவிட்டு அறைக்குப் போய், வால் இல்லாத கட்டளையை அடித்து, வந்த எச்சரிக்கைகளை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தான். மெயில் மணி அடித்தது. ‘படத்தில் இருவர் முகமும் பாதிதான் தெரிகிறது. நெருங்கி நின்று மீண்டும் எடுத்து அனுப்பவும்.’

முஸாஃபர் தலையில் அடித்துக்கொண்டு வெயிலில் இறங்கினான். இருநூறு அடியில் கம்பத்தடியிலேயே தங்கமாரி நின்றிருந்தாள். இவன் விட்டுவைத்த மூலையை ஸ்டூலில் ஏறித் தன் முந்தானையால் தேய்த்துக்கொண்டிருந்தாள், அவன் காதில் விழும்படி வைதுகொண்டே.